பேஸ்பால் கார்டும் பேஸ்பால் புதிரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் சில வருடம் இருந்தபோது பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற அமெரிக்கப் பெரியவர் ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டி முடித்ததும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி ஒரு பேஸ்பால் புதிர் போடுவார். பதில் அடுத்த வாரம்தான். அதுவரை நான் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். பதில் சொல்லும் நாளில் கையில் ஒரு பழைய கார்டும் இருக்கும். அப்படித் தொற்றிய பைத்தியம் இது. ஊரில் யாரிடம் பேச்செடுத்தாலும் இதே கேள்விகள்தான் வருகின்றன, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக எழுதிவிட்டேன்.

பேஸ்பால் கார்டு என்றால் என்ன?

ஒரு பக்கம் ஆட்டக்காரரின் படம், மறுபக்கம் அவருடைய கணக்கு வழக்கு. உள்ளங்கையில் அடங்கும் அட்டை. இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம் என்ற இன்றைய அளவு 1957-ல் டாப்ஸ் கம்பெனி கொண்டுவந்தது. முன்பு சிகரெட்டோடும் பிறகு பபிள்கம்மோடும் இலவசமாக வந்தது, இன்று தனியாகவே விற்கிறது.

எனக்கு பேஸ்பாலே தெரியாது. புதிர் புரியுமா?

கிரிக்கெட் தெரிந்தால் போதும். பந்து எறிபவர் பிட்ச்சர், அடிப்பவர் பேட்டர், பின்னால் கேட்சர். நல்ல பந்தை அடிக்காமல் விட்டாலோ வீசித் தவறவிட்டாலோ ஒரு ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட். மூன்று பேர் அவுட் ஆனால் அந்த அணியின் முறை முடிந்தது. இப்படி ஆளுக்கு ஒன்பது இன்னிங்ஸ். மைதானத்தின் நான்கு மூலையில் இருக்கும் நான்கு பேஸையும் சுற்றி வந்தால் ஒரு ரன், பந்தை வேலிக்கு வெளியே அடித்தால் ஹோம் ரன். வெளியூர் அணி முதலில் ஆடும், சொந்த ஊர் அணி பின்னால் ஆடும். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு புதிரே இதை நம்பித்தான் இருக்கிறது.

இன்னும் சில சொல். பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸை எட்டினால் ஹிட். அடிக்க வந்த முறைகளில் எத்தனைக்கு ஹிட் என்ற விகிதம்தான் பேட்டிங் சராசரி, கிரிக்கெட் சராசரி மாதிரி இல்லை. எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம் நோ-ஹிட்டர். ஒரே ஒரு ஆள்கூட முதல் பேஸை எட்டவில்லை என்றால் அது பெர்ஃபெக்ட் கேம். சாம்பியன்ஷிப்பான வேர்ல்டு சீரிஸில் பெர்ஃபெக்ட் கேம் எறிந்த ஒரே ஆள் டான் லார்சன், 1956 அக்டோபர் 8.

புதிருக்கும் கார்டுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டும் வேறு வேறு பொழுதுபோக்குதானே?

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பெரியவர்தான் கார்டைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் முழுக்க எண்கள்: எந்த வருடம், எந்த அணி, எத்தனை ஆட்டம், எத்தனை ஹிட், எத்தனை ஹோம் ரன். மூலையில் சின்னதாக ஒரு கார்ட்டூன் அல்லது கேள்வி. 1953 டாப்ஸ் கார்டுகளின் பின்னால் 'டகவுட் க்விஸ்' என்று ஒரு கேள்வியையே அச்சடித்திருப்பார்கள்.

தொலைக்காட்சியில் எல்லா ஆட்டமும் வராத காலம் அது. தூரத்து ஊர் ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றிப் பையன்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பின்பக்கம் சொன்னதுதான். பாடப் புத்தகத்தில் ஒரு வாய்ப்பாடு ஏறாத பையனுக்கு நூறு பேருடைய பேட்டிங் சராசரி தலைகீழாகத் தெரியும். பள்ளி இடைவேளையில் ஒருவன் பின்பக்கத்தைப் படிக்க, மற்றவன் முகத்தைப் பார்க்காமல் யார் என்று சொல்ல வேண்டும். துணுக்குக் கேள்வி என்ற வழக்கம் இந்த விளையாட்டில் இவ்வளவு வேரூன்றியதற்கு அந்தப் பின்பக்கம்தான் காரணம் என்பது என் கட்சி. முன்பக்கத்துப் படத்துக்குத்தான் இன்று கோடிகள் கொட்டுகிறார்கள், அது வேறு கதை.

சரி, முதலில் ஒரு சுலபமான புதிர் போடுங்களேன்?

ஒரு அணி முழு ஆட்டம் ஆடுகிறது. ஆட்டத்துக்கு முன் ஒவ்வொருவருடைய பேட்டிங் சராசரி என்னவோ, ஆட்டம் முடிந்த பிறகும் அணியில் அத்தனை பேருக்கும் அதே சராசரி, ஒருவருக்கும் ஒரு புள்ளிகூட மாறவில்லை. எப்படி?

நான் ஒரு வாரம் பின்னம் பெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடையில் கணக்கே இல்லை. 1940 ஏப்ரல் 16, சீசனின் முதல் நாள். கிளீவ்லாண்டின் பாப் ஃபெல்லர் சிகாகோ வைட் சாக்ஸுக்கு எதிராக நோ-ஹிட்டர் எறிந்தார். முதல் ஆட்டம் என்பதால் ஆரம்பத்தில் எல்லாருக்கும் சராசரி சைபர். ஒரு ஹிட்டும் விழவில்லை, முடிவிலும் எல்லாருக்கும் சைபர். சீசனின் முதல் நாளில் நோ-ஹிட்டர் விழுந்தால்தான் இந்தப் புதிர் நடக்கும். கேட்ட அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

கொஞ்சம் கஷ்டமானது?

ஒரு பிட்ச்சர் முழு ஆட்டத்தையும் தானே எறிந்து முடிக்க, குறைந்தபட்சம் எத்தனை பந்து வேண்டும்?

எல்லாரும் உடனே 27 என்பார்கள். ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், முதல் பந்திலேயே எல்லாரும் அடித்துப் பிடிபட்டால் 27. சரிதானே? இல்லை, 25. வெளியூர் அணியின் பிட்ச்சரை யோசியுங்கள். எட்டு இன்னிங்ஸில் 24 பந்தில் 24 அவுட். நடுவில் ஒரே ஒரு பந்தை ஒருவன் ஹோம் ரன் அடித்துவிட்டான், ஆக 25. தன் அணி ஒரு ரன்னும் எடுக்கவில்லை. சொந்த ஊர் அணி 1-0 என்று முன்னால் இருப்பதால் ஒன்பதாவது இன்னிங்ஸில் அவர்கள் ஆட வேண்டிய அவசியமே இல்லை, ஆட்டம் முடிந்தது. முழு ஆட்டம் எறிந்தார், தோற்றும் போனார். மழை வந்து ஐந்தாவது இன்னிங்ஸ் பாதியில் ஆட்டம் நின்று, அதுவும் செல்லும் என்றால் 13 பந்தே போதும்.

இந்தப் புதிரை இப்போது போட்டால் ஒரு வம்பு உண்டு. 2017 முதல் பேட்டரை வேண்டுமென்றே முதல் பேஸுக்கு அனுப்ப நான்கு பந்து வீணாக எறிய வேண்டியதில்லை, கையால் சைகை காட்டினாலே போதும். சைகையால் ஒருவனை பேஸில் ஏற்றிவிட்டு, அவன் பேஸை விட்டுத் தள்ளி நிற்கும்போது முதல் பேஸ்காரருக்கு எறிந்து அவுட் ஆக்கினால் கணக்கில் ஒரு பந்தும் ஏறாது. அப்படியே 24 பேரையும் செய்தால்? ஏட்டுக் கணக்குப்படி நடக்கும், மைதானத்தில் நடக்காது. பெரியவருக்கு அந்த விதி மாற்றம் அறவே பிடிக்கவில்லை. ஆட்டத்தைக் கெடுத்ததைவிடத் தன் புதிரைக் கெடுத்ததுதான் அவருக்குப் பெரிய வருத்தம் போலிருக்கிறது.

விதியை வைத்தே வேறு புதிர் உண்டா?

ஒரே இன்னிங்ஸில் ஒரு அணி ஆறு ஹிட் அடித்தும் ஒரு ரன்கூட வராமல் இருக்க முடியுமா?

முடியும். முதல் ஆள் ஹிட் அடித்து முதல் பேஸுக்குப் போகிறான், அடுத்தவன் அடிக்கும் முன்பே இரண்டாவது பேஸைத் திருட ஓடி, மாட்டி அவுட் ஆகிறான். இரண்டாவது ஆளும் அதே முட்டாள்தனம். இரண்டு ஹிட், இரண்டு அவுட். அடுத்த மூன்று பேரும் சின்னச் சின்ன ஹிட், ஆளுக்கு ஒரு பேஸ்தான் நகர்கிறார்கள், மூன்று பேஸிலும் ஆள் நிற்கிறது. ஐந்து ஹிட் ஆயிற்று. ஆறாவது ஆள் அடித்த பந்து ஓடிக்கொண்டிருக்கும் தன் அணிக்காரன் மேலேயே படுகிறது. மேலே பட்டவன் அவுட், ஆனால் விதிப்படி அடித்தவனுக்கு ஹிட் எழுதிவிடுவார்கள். ஆறு ஹிட், மூன்று அவுட், சைபர் ரன். இந்தக் கடைசி விதி தெரியாமல் இதை அவிழ்க்கவே முடியாது, அதனால் இது நியாயமான புதிரா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

துணுக்காகச் சிலது சொல்லுங்கள், நண்பர்களை மடக்க.

சேர்ந்து அதிக ஹோம் ரன் அடித்த அண்ணன் தம்பி யார்? எல்லாரும் எந்தெந்த ஜோடியையோ தேடுவார்கள். ஹாங்க் ஆரனும் அவர் தம்பி டாமி ஆரனும்: மொத்தம் 768. அதில் அண்ணன் 755, தம்பி 13.

ஸ்டான் மியூசியல் மொத்தம் 3630 ஹிட். சொந்த மைதானத்தில் 1815, வெளியூரில் 1815. வாரன் ஸ்பான் பிட்ச்சராக ஜெயித்தது 363 ஆட்டம், பேட் பிடித்து எடுத்த ஹிட் 363. இதையெல்லாம் கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள்.

ஒரே நாளில் இரண்டு ஊரில் இரண்டு அணிக்கு ஹிட் அடித்தவர் ஜோயல் யங்பிளட். 1982 ஆகஸ்ட் 4. பகலில் சிகாகோவில் நியூ யார்க் மெட்ஸுக்காக ஆடிக்கொண்டிருந்தவரை நடு ஆட்டத்தில் கூப்பிட்டு உன்னை மாண்ட்ரியாலுக்குக் கைமாற்றிவிட்டோம் என்றார்கள். மனுஷன் விமானம் பிடித்து ஃபிலடெல்ஃபியா போய் ராத்திரி புது அணிக்காக இறங்கி அங்கேயும் ஒரு ஹிட். பகலில் பந்து போட்டவர் ஃபெர்கசன் ஜென்கின்ஸ், ராத்திரி ஸ்டீவ் கார்ல்டன். இரண்டு பேருமே பின்னாளில் பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தவர்கள்.

முதுகில் எட்டில் ஒரு பங்கு என்று பின்னம் போட்ட சட்டையோடு ஆடியவர் எடி கெடல். உயரம் 3 அடி 7 அங்குலம். 1951 ஆகஸ்ட் 19-ல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் முதலாளி பில் வீக் கூட்டம் சேர்ப்பதற்காக இறக்கினார். அவ்வளவு சின்ன உருவத்துக்கு நேராக எறிய முடியாமல் பிட்ச்சர் நான்கு பந்தையும் வெளியே எறிய, கெடல் ஹாயாக முதல் பேஸுக்கு நடந்து போனார்.

கார்டு எப்போது ஆரம்பித்தது?

19-ஆம் நூற்றாண்டில். 1880-களில் சிகரெட் கம்பெனிகள் பெட்டி நசுங்காமல் இருக்க உள்ளே வைத்த அட்டையில் படம் அச்சடித்தார்கள். அட்டைக்கு அட்டை, விளம்பரத்துக்கு விளம்பரம். 1930-களில் பபிள்கம் கம்பெனிகள் இதைப் பிடித்துக்கொண்டன, வாங்குபவர்கள் பெரியவர்களிலிருந்து குழந்தைகளாக மாறினார்கள்.

குழந்தைகளை ஏமாற்றுவதும் அப்போதே ஆரம்பம். 1933-ல் கௌடி கம்பெனி 240 கார்டு கொண்ட வரிசை போட்டது, ஆனால் 106-ஆம் எண் கார்டை அச்சடிக்கவே இல்லை. பையன்கள் அந்த ஒரு கார்டுக்காக பபிள்கம் வாங்கி வாங்கி மென்றார்கள். கோபப்பட்டுக் கடிதம் எழுதியவர்களுக்கு மட்டும் 1934-ல் நாப் லாஜோய் படம் போட்டு 106-ஆம் கார்டைத் தபாலில் அனுப்பினார்கள். இன்று அது பெரிய விலைக்குப் போகிற கார்டு. புகார்க் கடிதம் எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு நல்ல செய்தி.

ஹோனஸ் வாக்னர் கார்டு ஏன் இவ்வளவு விலை?

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்ட வரிசையில் பிட்ஸ்பர்க் ஆட்டக்காரர் வாக்னருடைய கார்டு அச்சாகத் தொடங்கிய சீக்கிரத்திலேயே நின்றுபோனது. தன் படத்துக்காகக் குழந்தைகள் புகையிலை வாங்கக் கூடாது என்று அவர் தடுத்தார் என்பது ஒரு கதை, பணம் தராததால் தடுத்தார் என்பது இன்னொரு கதை. மற்ற கார்டுகள் மலை மலையாக இருக்க, இது சுமார் அறுபதுதான் மிஞ்சியிருக்கிறது. 2022-ல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

இதில் எனக்குப் பிடித்த கதை வேறு. இருப்பதிலேயே மிக அழகான வாக்னர் கார்டை 1991-ல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி ஒரு கூட்டாளியோடு சேர்ந்து 4,51,000 டாலருக்கு வாங்கினார். கார்டுகளுக்குத் தரம் போட்டுத் தரும் பிஎஸ்ஏ நிறுவனம் முதன்முதலில் தரம் போட்டது அந்தக் கார்டுக்குத்தான், பத்துக்கு எட்டு மதிப்பெண். ஓரமெல்லாம் கத்தி போல நேராக இருக்கிறதே என்று வியந்தார்கள். முன்பு அதை வைத்திருந்த வியாபாரி, ஓரத்தைத் தானே வெட்டிச் சீராக்கியதாக 2013-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்! வெட்டிய கார்டுக்குத் தரமே போடக் கூடாது என்பது விதி. அதற்குப் பிறகும் அதன் மவுசு குறையவில்லை.

1952 மிக்கி மேன்டில் கார்டுகளைக் கடலில் கொட்டினார்கள் என்பது உண்மையா?

கொட்டியவரே பின்னாளில் சொன்ன கதை. சை பெர்கர், டாப்ஸ் கம்பெனிக்காரர். 1952 வரிசையை புரூக்ளினில் தன் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்து, உட்டி கெல்மன் என்ற சக ஊழியரோடு வடிவமைத்தவர். மொத்தம் 407 கார்டு, பகுதி பகுதியாக வெளிவந்தன. 311-ல் தொடங்கும் கடைசிப் பகுதி கடைக்கு வந்தபோது சீசன் முடியப் போகிறது, பையன்கள் அமெரிக்கன் ஃபுட்பால் பக்கம் போய்விட்டார்கள். பெட்டி பெட்டியாகத் தேங்கிவிட்டது. திருவிழாக்காரர்களிடம் அடிமாட்டு விலைக்குக் கேட்டுப் பார்த்தார், அவர்களும் வேண்டாம் என்றார்கள். கடைசியில் 1960 வாக்கில் கிடங்கைக் காலி செய்ய, குப்பைப் படகில் ஏற்றி அட்லாண்டிக்கில் நியூ ஜெர்சி கரைக்கு அப்பால் தள்ளிவிட்டார். அந்தப் பகுதியின் முதல் கார்டுதான் 311, நியூ யார்க் யாங்கீஸ் அணியின் நட்சத்திரம் மிக்கி மேன்டில்.

2022 ஆகஸ்டில் நல்ல நிலையில் இருந்த 311 ஒன்று 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. விற்றவர் அதை 1991-ல் 50,000 டாலருக்கு வாங்கியவர். மேன்டிலின் முதல் கார்டு அதுகூட இல்லை, 1951-ல் பௌமன் கம்பெனி போட்டதுதான் முதல் கார்டு. அதன் விலை இந்தப் பக்கம்கூட வராது. ஏன் என்று கேட்காதீர்கள், ஆசைக்குக் கணக்கு கிடையாது.

எல்லா அமெரிக்கரும் 'அம்மா தூக்கிப் போட்டுவிட்டார்' என்று புலம்புகிறார்களே, ஏன்?

ஐம்பது, அறுபதுகளில் வளர்ந்தவர்களிடம் பேச்சுக் கொடுங்கள், பத்தில் பாதிப் பேருக்கு இந்தக் கதை இருக்கும். பையன் கல்லூரிக்கோ ராணுவத்துக்கோ போனான், அம்மா அறையைச் சுத்தம் செய்தார், ஷூ டப்பா குப்பைக்குப் போனது. திரும்பி வந்தவனும் அப்போது கவலைப்படவில்லை. எண்பதுகளில் விலை ஏறிய பிறகுதான் வயிற்றெரிச்சல்.

எங்கள் பெரியவருக்கும் அம்மா மேல் அந்த வருத்தம் இருந்தது. ஆனால் அவரே இன்னொன்றும் சொல்வார்: எல்லா அம்மாவும் பத்திரமாக எடுத்து வைத்திருந்தால் அந்தக் கார்டுக்கு இன்று பத்துப் பைசா தேற்ற முடியாது. கேட்டபோது சும்மா ஒரு சமாதானம் என்று நினைத்தேன். அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

என்னிடம் 1988, 89, 90 கார்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. நான் பணக்காரனா?

இல்லை. மன்னிக்கவும்.

டாப்ஸ் 1956-ல் பௌமனை விலைக்கு வாங்கியது முதல் 1980 வரை ஏறக்குறைய தனிக்காட்டு ராஜா. ஃப்ளீர் கம்பெனி போட்ட வழக்கால் கதவு திறந்தது, 1981-ல் ஃப்ளீரும் டான்ரஸும் உள்ளே வந்தார்கள், 1989-ல் அப்பர் டெக் வந்தது. மேன்டில் கார்டு விலையைப் பார்த்து ஏங்கிய தலைமுறை இந்த முறை ஏமாறப் போவதில்லை என்று பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரிக்காமலே அடுக்கி வைத்தது, பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று. கம்பெனிகளும் கேட்கக் கேட்க அச்சடித்துத் தள்ளின. எல்லாரும் பத்திரமாக வைத்ததால் எல்லாம் பத்திரமாக இருக்கிறது, அதனால் விலையும் இல்லை. இந்தக் காலத்துக்கு 'ஜங்க் வாக்ஸ்' என்றே பெயர். மெழுகுத் தாள் உறையில் வந்த குப்பை என்று அர்த்தம். போதாக்குறைக்கு 1994 ஆகஸ்டில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம், அந்த வருடம் வேர்ல்டு சீரிஸே நடக்கவில்லை. வெறுத்துப்போன ரசிகர்கள் கார்டையும் மூட்டை கட்டினார்கள்.

விதிவிலக்காக 1989 அப்பர் டெக் முதல் எண் கார்டு, கென் கிரிஃபி ஜூனியர். அழுக்கில்லாமல் உயர்ந்த தரம் வாங்கினால் இன்றும் விலை உண்டு. பையன் அப்போது பெரிய லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. சின்ன லீக் தொப்பியோடு எடுத்த படத்தில், தொப்பிக்கு மட்டும் சாயம் பூசி சியாட்டில் தொப்பியாக்கிவிட்டார்கள். உங்கள் பெட்டியில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மற்றதைப் பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுங்கள்.

தப்பாக அச்சான கார்டு என்கிறார்களே?

புதிரும் கார்டும் ஒன்றாகச் சேர்கிற இடம் இதுதான். 1957 டாப்ஸ் ஹாங்க் ஆரன் கார்டில் என்ன தப்பு? படச்சுருளைத் திருப்பிப் போட்டு அச்சடித்ததால் வலது கைக்காரர் இடது கைக்காரராக நிற்கிறார். 1969-ல் ஆரேலியோ ரொட்ரிகெஸ் கார்டில் என்ன தப்பு? அது ரொட்ரிகெஸே இல்லை, அந்த அணியில் பேட் எடுத்துக் கொடுக்கும் பையன்.

1959-ல் லூ பர்டெட் செய்தது தப்பு இல்லை, குறும்பு. வலது கையால் எறியும் பிட்ச்சர் படம் எடுக்க வந்தவரிடம் கையுறையை மாற்றிப் போட்டுக்கொண்டு இடது கைக்காரர் போல நின்றார். யாரும் கவனிக்கவில்லை, அப்படியே அச்சாகிவிட்டது. இந்த பர்டெட்டை நினைவில் வையுங்கள், கடைசியில் திரும்ப வருகிறார்.

1989 ஃப்ளீர் பில்லி ரிப்கன் கார்டில் அவர் பிடித்திருக்கும் பேட்டின் அடிக்குமிழில் ஒரு கெட்ட வார்த்தை எழுதியிருந்தது. கம்பெனி பதறிப்போய் வெள்ளை பூசியும், கறுப்பில் கிறுக்கியும், கட்டம் போட்டு மறைத்தும் விதவிதமாகத் திருத்தி வெளியிட்டது. இப்போது அந்த விதங்களை எல்லாம் சேர்ப்பதே ஒரு கூட்டத்துக்குத் தனி வேலை.

கார்டோடு வந்த பபிள்கம் எப்படி இருக்கும்?

நான் சாப்பிட்டதில்லை. சாப்பிட்டவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்வது: இளஞ்சிவப்பு ஓடு. மேலே மாவு தூவியிருக்கும், கடித்தால் உடையும், இரண்டு நிமிடத்தில் இனிப்பு போய்விடும். அதன் கறை ஒட்டிய கார்டு கெட்டுப்போகும் என்பதால் சேகரிப்பவர்களே குறை சொல்லி, 1992-லிருந்து டாப்ஸ் அதை நிறுத்தியது. உடனே அதே ஆட்கள் அந்த வாசனை போச்சே என்று அழ ஆரம்பித்தார்கள்.

பையன்கள் இதை வைத்து என்ன விளையாடினார்கள்?

சுவரை நோக்கிச் சுண்டி விடுவார்கள், யாருடையது சுவருக்குக் கிட்டே விழுகிறதோ அவனுக்கு எல்லாம். நம் ஊர்க் கோலியாட்டம் மாதிரி வென்றவன் அள்ளிக்கொண்டு போவான். பிடிக்காத ஆட்டக்காரரின் கார்டைத் துணி கிளிப்பால் சைக்கிள் சக்கரத்தில் மாட்டினால் மோட்டார் சைக்கிள் போலச் சடசடக்கும். அப்படி எத்தனை மேன்டில் நார்நாராகப் போனதோ.

இன்னொன்று, ரப்பர் பேண்ட். கார்டுகளை எண் வரிசையில் அடுக்கி ரப்பர் பேண்ட் போடுவது வழக்கம். 1952 வரிசையின் முதல் எண் ஆண்டி பாஃப்கோ. நல்ல ஆட்டக்காரர், ஆனால் மேன்டில் அளவுக்குப் பேர் இல்லை. எல்லா அடுக்கிலும் மேலே இருந்து ரப்பர் பேண்டின் கடியையும் விரல் அழுக்கையும் வாங்கியது அவருடைய கார்டுதான், அதனால் பழுதில்லாத பாஃப்கோ கிடைப்பது அபூர்வம், விலையும் எக்கச்சக்கம். ஆட்டத்தால் கிடைக்காத மதிப்பு வரிசையில் முதலில் நின்றதால் கிடைத்தது.

பெரிய சேகரிப்பு என்றால் யாருடையது?

ஜெஃபர்சன் பர்டிக். நியூ யார்க் மாநிலம் சிரக்யூஸ் ஊரில் தொழிற்சாலை வேலை பார்த்தவர், மூட்டுவாதத்தால் கை விரல்கள் மடங்காத மனிதர். பேஸ்பால் மட்டுமில்லை, விளம்பர அட்டை, தபால் அட்டை எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்துக்கு மேல். அதில் 30,000-க்கு மேல் பேஸ்பால். எல்லாவற்றையும் நியூ யார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். கொடுத்ததோடு விடாமல் வருடக் கணக்கில் அங்கே போய் உட்கார்ந்து தானே ஆல்பத்தில் ஒட்டினார். ஆமாம், பசை போட்டு! இன்றைய சேகரிப்பாளர்களுக்கு நெஞ்சு வலி வரும். 1963 ஜனவரியில் ஒட்டி முடித்தார், இரண்டு மாதத்தில் இறந்துபோனார். வாக்னர் கார்டு இருக்கும் வரிசையை 'டி206' என்று உலகமே சொல்கிறதே, அது அவருடைய பட்டியல் போட்ட எண்.

இப்போது புதிதாக ஆரம்பிக்கலாமா?

ஆரம்பியுங்கள், லாபத்துக்காக வேண்டாம். அறுபது எழுபதுகளின் சாதாரண ஆட்டக்காரர் கார்டுகள் முனை மழுங்கியதாக இருந்தால் ஓரிரு டாலருக்கே கிடைக்கும். பின்பக்கம் படிக்க அதுவே போதும். விலை உயர்ந்ததை, தரம் போட்டு பிளாஸ்டிக்கில் அடைத்தது தவிர, முகம் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். ஆனால் அடைத்துவிட்டால் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கும் சுகம் போய்விடும், அது உங்கள் பாடு. டாப்ஸ் 2022-லிருந்து ஃபனாடிக்ஸ் கம்பெனியிடம் இருக்கிறது, புது கார்டுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

பெரியவர் போட்டதிலேயே சிறந்த புதிர் எது?

தொடர்ந்து 36 பேரை அவுட் ஆக்கிய பிட்ச்சர் எப்படித் தோற்றார்?

1959 மே 26, மில்வாக்கி. பிட்ஸ்பர்க்கின் ஹார்வி ஹாடிக்ஸ் ஒன்பது இன்னிங்ஸ் ஒருவரையும் முதல் பேஸை எட்ட விடவில்லை. அத்தோடு ஜெயித்திருக்க வேண்டும், ஆனால் அவர் அணி ரன் எடுத்தால்தானே? இரண்டு அணியும் சைபரிலேயே நிற்பதால் ஆட்டம் பத்து, பதினொன்று, பன்னிரண்டு இன்னிங்ஸ் என்று இழுத்துக்கொண்டு போகிறது, 36 பேர் வரிசையாக அவுட். பதின்மூன்றாவதில் மூன்றாவது பேஸ்காரர் தப்பாக எறிய ஒருவன் முதல் பேஸுக்கு வந்துவிட்டான். அடுத்தவன் தன்னைப் பலி கொடுத்து அவனை இரண்டாவது பேஸுக்கு நகர்த்தினான். ஹாங்க் ஆரனை வேண்டுமென்றே நடக்க விட்டார்கள். ஜோ அட்காக் வந்தார், பந்து வேலிக்கு வெளியே.

மூன்று ரன் என்றுதானே நினைக்கிறீர்கள்? பந்து வெளியே போனது தெரியாமல், முன்னால் ஓடியவன் ரன் எடுத்ததும் ஆட்டம் முடிந்தது என்று ஆரன் பாதியில் ஓட்டத்தை விட்டு நகர்ந்துவிட்டார். அட்காக் அவரைத் தாண்டி ஓடியதால் அவுட். ஹோம் ரன், ஹோம் ரன் இல்லை என்றாகி, மறுநாள் லீக் தலைவர் ஸ்கோரை 1-0 என்று தீர்த்தார்.

அந்த ராத்திரி எதிரே எறிந்து ஜெயித்தவர் யார் தெரியுமா? இடது கைக்காரர் வேஷம் போட்ட அதே லூ பர்டெட், அதே வருடம். பதின்மூன்று இன்னிங்ஸும் அவர்தான் எறிந்தார், 12 ஹிட் கொடுத்தார், ஒரு ரன்னும் கொடுக்கவில்லை. இதைச் சொல்லும்போது பெரியவர் கையில் இருந்தது ஹாடிக்ஸ் கார்டு இல்லை, பர்டெட் கார்டு. ஹாடிக்ஸின் அந்த சீசன் கணக்கு 12 வெற்றி, 12 தோல்வி. அந்த ராத்திரி தோல்விக் கணக்கில்தான் ஏறியிருக்கிறது.